ரேஷன் கடைக்குப் போகும் கார், ரேஸுக்குப் போகுமா?

போகும். ஆனால், நிற்குமா என்பதுதான் கேள்வி!

கார் வைத்திருக்கும் எந்த இளைஞரையும் நிறுத்திக் கேளுங்கள். "தம்பி, வண்டி எவ்வளவு ஸ்பீடு போகும்?"

"140 சர்வ சாதாரணமா போகும் சார்!" என்று காலரைத் தூக்கி விட்டுக்கொள்வார்.

"சரிப்பா, அந்த 140-ல இருந்து அடுத்தடுத்து எத்தனை தடவை பிரேக் போட்டா நிக்கும்?"

கப்சிப்! காலர் தானாகவே கீழே இறங்கிவிடும்.

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் ரேஸ் டிராக்குக்குள் கால் வைக்கக் கூடாது. தெரிந்துகொண்டால், தினமும் ஆபீஸுக்குப் போகிற நம்ம வண்டியைப் பற்றியும் ரெண்டு நல்ல விஷயம் பிடிபடும். எனவே ரேஸ் பக்கமே தலைவைத்துப் படுக்காத குடும்பஸ்தர்களும் தைரியமாக மேலே படிக்கலாம்.

ரேஸ் என்றதும் ஏதோ இங்கிலாந்து, இத்தாலி சமாசாரம் என்று நினைக்கிறவர்கள் நம்மில் நிறைய. அப்படி இல்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது 1953-ல். இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சோழவரத்தில் சும்மா கிடந்தது. அங்கேதான் பல வருஷம் ரேஸ். வாரம் பூராவும் வீட்டுக்கு உழைத்த ஃபியட்டுகள் அங்கே வந்து வீரம் காட்டியது உண்டு. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸுக்கென்றே ஒரு டிராக் வந்துவிட்டது. நீளம் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள்.

கோவைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அங்கேதான் வருகிறேன். மாருதி 800 என்ஜினை வைத்தே 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை ஸீட் ரேஸ் காரை உருவாக்கிக் காட்டியவர் கோவை கரிவரதன். 1995-ல் மறைந்த அவருடைய பெயரில் செட்டிப்பாளையத்தில் 2003-ல் ஒரு டிராக் திறந்தார்கள். 2005-ல் முதல் இந்தியராக ஃபார்முலா ஒன்னில் கார் ஓட்டிய நரேன் கார்த்திகேயனும் அதே ஊர்தான்.

ஆக, ஆசைப்படுகிறவர்களுக்கு இடம் இருக்கிறது. வண்டி?

உதாரணத்துக்கு மாருதி எஸ்டீம். 1994-ல் வந்தது. 2007-ல் உற்பத்தி நின்றுபோனாலும் நம் ஊர் ரேஸ்காரர்களுக்கு ரொம்ப வருஷம் செல்லப் பிள்ளையாக இருந்த கார். 1.3 லிட்டர் என்ஜின். ஆரம்பத்தில் 65 குதிரைச் சக்தி, பின்னாளில் 85. முன்னாடி டிஸ்க் பிரேக், பின்னாடி டிரம். கல்யாணத்துக்கும் போகும், காய்கறி வாங்கவும் போகும். அதை ரேஸுக்குக் கூட்டிப் போக என்னவெல்லாம் செய்ய வேண்டும்?

பெரும்பாலானவர்கள் முதலில் கை வைப்பது என்ஜினில். அப்புறம் சைலன்ஸரில் (தெரு நாய்கள் எல்லாம் எழுந்து ஓடும் அளவுக்கு ஒரு சத்தம்). அப்புறம் பளபள வீல். கடைசியாகப் பர்ஸில் ஏதாவது மிச்சம் இருந்தால் பிரேக். அனுபவஸ்தர்கள் இந்த லிஸ்டை அப்படியே தலைகீழாகப் பிடிக்கச் சொல்கிறார்கள்.

ஏன்? அதற்கு ஒரு சின்னக் கணக்கு.

வேகம் வரவு... சூடு செலவு!

நான் படித்தது பி.காம். ஃபிஸிக்ஸ் எனக்கும் தூரம்தான். ஆனால், இந்த விஷயத்தில் ஃபிஸிக்ஸும் அக்கவுண்டன்ஸியும் அண்ணன் தம்பி. ரெண்டிலுமே வரவு வைத்தது எங்கேயும் காணாமல் போகாது. எந்தக் கணக்கில் செலவு எழுதினோம் என்று காட்டியாக வேண்டும்.

டிரைவரோடு சேர்த்து கார் 1000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 140 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. எதிரே வளைவு. 60-க்கு இறக்க வேண்டும். அந்த வித்தியாசத்து வேகத்தில் இருக்கும் சக்தி எங்கே போகும்? காற்று கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும். மீதி அத்தனையும் பிரேக்கில் சூடாகத்தான் இறங்கும்.

எவ்வளவு சூடு? கால்குலேட்டரைத் தட்டினால் சுமார் 600 கிலோஜூல். புரியும்படி சொன்னால், குழாயில் பிடித்த இரண்டு லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைக்கிற சூடு. நம் வீட்டு காஸ் அடுப்பில் அதற்குப் பல நிமிஷம் ஆகும். பிரேக் அதை மூன்று செகண்டில் வாங்கிக்கொள்கிறது!

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். அந்த மூன்று செகண்டில் பிரேக் செய்கிற வேலையைக் குதிரைச் சக்தியில் சொன்னால் 250-க்கும் மேல். என்ஜின் 85 குதிரை. பிரேக் 250 குதிரை. காரிலேயே பெரிய பலசாலி யார் என்று இப்போது தெரிகிறதா? ஆனால், பானெட்டைத் திறந்து என்ஜினைத்தான் எல்லோருக்கும் காட்டுகிறோம்!

ஒரே ஒரு தடவை என்றால் எந்தக் காரும் அழகாக நிற்கும். ரோட்டில் அவ்வளவுதான் தேவை. ஒரு சடன் பிரேக், குறுக்கே வந்த ஆட்டுக்கு நாலு திட்டு, அப்புறம் பத்து நிமிஷம் நிதானம். பிரேக் ஆறிவிடும். டிராக்கில் அந்தக் கருணை கிடையாது. லாப்புக்கு நாலு பெரிய பிரேக், ஒவ்வொன்றும் சராசரியாக ஒன்றரை லிட்டர் தண்ணீர் என்று குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். பத்து லாப்பில் 60 லிட்டர். கல்யாண வீட்டு ரசத்துக்கு அண்டா வைத்த மாதிரி!

ஆறுவதற்குள் அடுத்த அடி, அது ஆறுவதற்குள் அடுத்தது. ரோட்டுக் கார் டிராக்கில் தோற்பது இங்கேதான்.

நமுத்துப் போன பிரேக் ஆயில்

சூடு ஏறும்போது பிரேக் இரண்டு விதமாகக் காலை வாரும். வித்தியாசம் தெரிந்திருப்பது நல்லது.

முதல் விதம்: பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கும். எவ்வளவு மிதித்தாலும் கார் நிற்க மாட்டேன் என்கும். இது பேட் சூடேறி வழுக்குவது.

இரண்டாவது விதம்: பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். தரையைத் தொட்டுவிடும். கீழே ஒன்றுமே இருக்காது. இது பிரேக் ஆயில் கொதித்துவிட்டது என்று அர்த்தம். இது வரும்போது வயிற்றில் ஏற்படும் உணர்ச்சிக்குத் தமிழில் இன்னும் வார்த்தை கண்டுபிடிக்கவில்லை.

பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது உண்மையில் எண்ணெய் இல்லை. நம் கால் கொடுக்கும் அழுத்தத்தை நாலு வீலுக்கும் கொண்டுபோகிற திரவம். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, அதுதான் அதன் பெருமை. ஆனால், கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழ் வந்துவிடும். குமிழைத் தாராளமாக அமுக்கலாம். உங்கள் கால் குமிழை அமுக்கிக்கொண்டிருக்கும். பிரேக்குக்கு எதுவும் போய்ச் சேராது.

இந்தத் திரவத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அப்பளம் மாதிரி! காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து இழுத்து நமுத்துப் போகும். நமுக்க நமுக்க, சீக்கிரம் கொதிக்கும். டாட் 3 என்ற ரகம் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அதற்கான வரம்பு 140 டிகிரிதான். டாட் 4 என்றால் புதிதில் 230, ஈரம் ஏறினால் 155. கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்லவும் வேண்டுமா?

எனவே ரேஸுக்குத் தயார் செய்வதில் முதல் செலவு இதுதான். பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றிவிட்டு, சீல் உடைக்காத டின்னிலிருந்து நல்ல டாட் 4. ரேஸுக்கென்றே 300 டிகிரிக்கு மேல் தாங்குகிற ரகங்களும் உண்டு. பாதி மிச்சம் வைத்துப் போன வருஷம் மூடிய டின் பரணிலேயே இருக்கட்டும். டாட் 5 என்று எழுதியிருந்தால் அது சிலிக்கான், வேறு ஜாதி. இதோடு கலக்கவே கூடாது. 'நாலை விட அஞ்சு பெரிசுதானே?' என்கிற வாதம் இங்கே செல்லாது.

ஆயிலை மாற்றினால் ஏர் எடுக்க வேண்டும். அதற்கு ஆள் ரெண்டு பேர். ஒருவர் உள்ளே பெடலில், இன்னொருவர் வெளியே ஸ்பானரோடு வீலுக்குப் பக்கத்தில்.

"மிதிங்க... பிடிங்க... விடாதீங்க!"

"பிடிச்சிருக்கேன்ணே!"

"இப்ப விடுங்க."

வீட்டுக்காரரும் வீட்டுக்காரம்மாவும் சேர்ந்து செய்தால் அன்றைக்குச் சமையல் நடக்குமா என்று சொல்ல முடியாது. ஆனால், கடைசிக் குமிழ் வரும் வரை பொறுமையாகச் செய்தால் பெடல் கெட்டியாகும். எந்த வீலில் தொடங்கி எந்த வீலில் முடிக்க வேண்டும் என்பது காருக்குக் கார் மாறும். கம்பெனி புஸ்தகத்தைப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

அடுத்தது பேட். ரோட்டுப் பேட் காலையில் முதல் சிக்னலிலேயே பிடிக்கும், டிராக்கில் சூடேறியதும் கையை விரிக்கும். ரேஸ் பேட்டுக்கு நேர் எதிரான சுபாவம். சூடானால்தான் வேலைக்கு வரும். சில்லென்று இருக்கும்போது கத்தும், கடிக்காது. அதை மாட்டிக்கொண்டு காலையில் ஸ்கூல் வாசலில் குழந்தையை இறக்கிவிடப் போகாதீர்கள்.

புதுப் பேட்டை மாட்டியதும் மரண மிதி மிதிக்கக் கூடாது. நடுத்தர வேகத்திலிருந்து பல தடவை பாதி அழுத்தமாக வேகத்தைக் குறைத்து, நடுவில் முழுக்க நிறுத்தாமல் பழக்கி, அப்புறம் நன்றாக ஆற விட வேண்டும். டிஸ்க்கும் பேட்டும் புது மாப்பிள்ளை, பெண் மாதிரி. முதல் நாளே சண்டை போட்டால் வருஷம் பூராவும் நடுக்கம்தான்!

பெரிய டிஸ்க் போட்டால் சட்டென்று நிற்குமா? வீலை லாக் பண்ணுகிற பலம் கம்பெனி பிரேக்கிலேயே இருக்கிறது. அதற்கு மேல் நிறுத்த வேண்டியது டயர். பெரிய டிஸ்க்கின் லாபம், அதிகச் சூட்டைத் தாங்கி சீக்கிரம் ஆறுவதில். அதற்கு முன்னால், முன் பம்பரிலிருந்து டிஸ்க்குக்கு ஒரு காற்றுக் குழாய் விட்டுப் பார்க்கலாம். செலவு சொற்பம், பலன் அபாரம்.

டவுன் பஸ் தத்துவம்

டவுன் பஸ்ஸில் டிரைவர் சடன் பிரேக் போட்டால் என்ன ஆகும்? பின்னால் நின்றவர்கள் எல்லாம் முன்னால் வந்து சேருவார்கள். நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் தோளில் நாம் சாய்ந்திருப்போம்.

காரிலும் அதேதான். எஸ்டீம் மாதிரி முன் வீல் ஓட்டும் காரில் நிற்கும்போது முன்னால் 600 கிலோ, பின்னால் 400 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு பிரேக் போட்டால் சுமார் 165 கிலோ பின்னாலிருந்து முன்னால் மாறிவிடும். முன்னால் 765, பின்னால் 235. கூட்டிப் பாருங்கள், அதே 1000. டாலி ஆகிவிட்டது!

பின் வீல்களில் கனம் இப்படிக் குறைந்திருக்கும்போது பின் பிரேக் கொஞ்சம் அதிகமாகப் பிடித்தால் போதும், பின் வீல் லாக் ஆகி, வால் முன்னால் வந்துவிடும். வந்த வழியைப் பார்த்துக்கொண்டே நாம் முன்னேறலாம். அதனால்தான் முன் பிரேக்குக்கு அதிக வேலை, பின் பிரேக்குக்குக் குறைவான வேலை. முன்னாலும் பின்னாலும் கன்னாபின்னாவென்று பேட், லைனிங் மாற்றினால் இந்தப் பங்கீடு கெட்டுவிடும். ஒரு பக்கம் மாற்றினால் மறு பக்கம் என்ன ஆகும் என்று யோசிக்காத வைத்தியம் வேண்டாம்.

நாலு உள்ளங்கை

பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் காரைப் பூமியோடு சேர்த்துப் பிடித்திருப்பது நாலு டயர்தான். ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடுகிற இடம் ஒரு உள்ளங்கை அகலம். மொத்தம் நாலு உள்ளங்கை. உங்கள் உயிர், உங்கள் அம்மா கும்பிட்ட சாமி, எல்லாம் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஸஸ்பென்ஷன் என்ற இத்தனை பெரிய ஏற்பாடும் எதற்காக? அந்த நாலு உள்ளங்கையும் எந்த நேரமும் ரோட்டை விட்டு எழும்பாமல் இருக்க.

இது தெரியாதவர்கள்தான் ஸ்பிரிங்கை வெட்டுவார்கள். ஏதாவது ஒரு ஒர்க்‌ஷாப்பில் இந்த உரையாடல் நடக்காத நாள் இல்லை:

"அண்ணே, வண்டி தரையோட தரையா இருக்கணும். ஸ்பிரிங்ல ரெண்டு சுத்து வெட்டிடுங்க."

"எதுக்கு தம்பி?"

"ரேஸ் கார் எல்லாம் அப்படித்தானே இருக்கு!"

"ரேஸ் காரு பள்ளத்துல போவுதா, ஸ்பீடு பிரேக்கர்ல ஏறுதா? வெட்டினா ஸ்பிரிங் கட்டை ஆயிடும். வீலு தொங்கும்போது உக்கார்ற இடத்த விட்டு நழுவும். வேணாம் தம்பி."

அண்ணன் சொல்வது நியாயம். வெட்டிய ஸ்பிரிங்கில் வீல் மேலே போக இடம் போதாது. பாதி வளைவில் ரப்பர் ஸ்டாப்பரில் 'டொம்' என்று இடிக்கும். இடித்த நொடியில் அந்த வீலுக்கு ஸ்பிரிங்கே இல்லாத மாதிரி ஆகிவிடும். உள்ளங்கை வழுக்கும். எஸ்டீம் மாதிரி கார்களில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ரொம்ப இறக்கினால் கீழ்க் கைகள் மேல் நோக்கிச் சாய்ந்து, காரைப் பக்கவாட்டில் சாய்க்கிற நெம்புகோல் இன்னும் நீளமாகிறது. கார் குறைவாகச் சாயும் என்று இறக்கினோம். அதிகமாகச் சாய முயற்சி செய்கிறது!

சரியான வழி, அந்தக் காருக்கென்றே செய்த கெட்டியான ஸ்பிரிங். இறக்கம் இரண்டு மூன்று சென்டிமீட்டர். கூடவே அந்த ஸ்பிரிங்குக்கு ஈடு கொடுக்கிற ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங் என்பது ஊஞ்சல். தள்ளிவிட்டால் ஆடிக்கொண்டே இருக்கும். ஷாக் அப்சார்பர் அந்த ஊஞ்சலைப் பிடித்து நிறுத்தும் கை. ஊஞ்சலைப் பலமாக்கிவிட்டு, கையை மட்டும் பழைய கிழட்டுக் கையாக விட்டால்? வண்டி துள்ளும். துள்ளுகிற டயர் காற்றில் இருக்கும். காற்றில் பிரேக் பிடிக்காது, ஸ்டீயரிங்கும் திரும்பாது.

வளைவில் கார் சாய்வதைக் குறைக்க ஆன்டி ரோல் பார் என்று ஒரு கம்பி. இடது வீலையும் வலது வீலையும் சேர்த்துப் பிடிப்பது. ஒரு பக்கம் ஃபுட்போர்டு கூட்டம் தொங்கிச் சாய்ந்த பஸ்ஸை மறு பக்கம் பிடித்து இழுப்பது போல. முன் வீல் ஓட்டும் கார்களுக்கு வளைவில் ஒரு எருமைப் பிடிவாதம் உண்டு. ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் மூக்கு நேராகவே போகும். அண்டர்ஸ்டீர் என்பது இதுதான். பின்பக்கத்துக் கம்பியைக் கொஞ்சம் கெட்டியாக்கினால் பிடிவாதம் குறையும். அளவு மீறினால் வால் சுழலும்.

அடுத்து, கேம்பர். உங்கள் பழைய செருப்பைத் திருப்பிப் பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருக்கும். வளைவில் கார் வெளிப்பக்கம் சாயும்போது டயருக்கும் அதே கதி. வெளி ஓரத்தில் நின்றுகொண்டு உள்பக்கம் தூக்கிக்கொள்ளும். உள்ளங்கை பாதியாகிவிடும். அதனால் ரேஸ் காரில் வீலின் மேல் பக்கத்தை இரண்டு, மூன்று டிகிரி உள்ளே சாய்த்து வைப்பார்கள். வளைவில் அது நிமிர்ந்து முழு டயரும் உட்காரும். அதே காரை தினமும் நேர் ரோட்டில் ஓட்டினால் உள் ஓரம் மளமளவென்று தேயும். டிராக்கில் லாபம், ரோட்டில் நஷ்டம்.

கடைசியாக, காசே இல்லாத வைத்தியம்: காற்று! பெட்ரோல் பங்க்கில் '30 வைங்க' என்று சொல்லிவிட்டு மறப்பது ரோட்டு வழக்கம். டிராக்கில் டயர் சூடானால் காற்று தானாகவே ஏறும். அதனால் முதலில் குறைத்து வைத்து, ஓட்டிவிட்டு வந்ததும் அளந்து சரி செய்வார்கள். டயரின் உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூன்றிலும் சூட்டை அளப்பார்கள். நடுவில் மட்டும் சூடு அதிகமா? காற்று அதிகம். ரெண்டு ஓரமும் அதிகமா? காற்று குறைவு. வெளி ஓரம் மட்டும் கொதிக்கிறதா? கேம்பர் பத்தவில்லை. டயர் பொய்க் கணக்கு எழுதாத குமாஸ்தா.

இத்தனையையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றுங்கள், நாலு லாப் ஓட்டுங்கள், நோட்டில் எழுதுங்கள். அப்புறம் அடுத்தது. ஒரே சமயத்தில் ஐந்தை மாற்றிவிட்டு, 'எதனால் சரியாச்சு?' என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. மூன்று டாக்டரிடம் மருந்து வாங்கிச் சாப்பிட்டவர் கதைதான்.

டிராக்குக்குப் போகும் முன்...

* பேட் எவ்வளவு மிச்சம்? பாதிக்குக் கீழே போயிருந்தால் புதிது.

* பிரேக் ஹோஸில் வெடிப்பு, கசிவு இருக்கிறதா? ரப்பருக்குப் பதில் எஃகுப் பின்னல் ஹோஸ் போட்டால் பெடல் இன்னும் கெட்டியாகும்.

* ஸஸ்பென்ஷன் ரப்பர் புஷ் நைந்திருந்தால் பிரேக் போடும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும். மாற்றிவிடுங்கள்.

* வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குங்கள். 'கைக்கே அளவு தெரியும்' என்பவரை நம்பாதீர்கள்.

* ஓட்டி முடித்ததும் ஒரு லாப் மெதுவாக வந்து பிரேக்கை ஆற்றுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக்கை இழுக்காதீர்கள். கியரில் போட்டு, வீலுக்குக் கட்டை வையுங்கள்.

* ஹெல்மெட், பெல்ட், ரோல் கேஜ் பற்றி டிராக்கில் சொல்கிறதைக் கேளுங்கள். போட்டியில் இறங்க, இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்புகளின் கூட்டமைப்பு தரும் லைசென்ஸ் வேண்டும்.

ஈ.சி.ஆர். டிராக் இல்லை!

இப்போது கொஞ்சம் சீரியஸான விஷயம்.

இப்படித் தயார் செய்த காரை ராத்திரி பதினோரு மணிக்கு ஈ.சி.ஆரில் ஓட்டிப் பார்க்கலாம் என்று ஒரு ஆசை வரும். வேண்டாம். டிராக்கில் வழுக்கினால் போய் விழக் காலி இடம் இருக்கிறது. கொடி காட்ட ஆள் இருக்கிறார். ஆம்புலன்ஸ் காத்திருக்கிறது. எதிரே வருகிற வண்டி கிடையாது. ரோட்டில் எதிரே வருவது கடையை மூடிவிட்டு சைக்கிளில் வீட்டுக்குப் போகிற ஒருவர். அவர் எந்த ரேஸிலும் பேர் கொடுக்கவில்லை.

சட்டமும் சும்மா இல்லை. கம்பெனி கொடுத்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு தடை போடுகிறது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ரேஸ் காரை டிரக்கில் ஏற்றி டிராக்குக்குக் கொண்டுபோகிறார்கள். ரேஷனுக்குப் போகிற கார், ரேஸுக்குப் போகிற கார் இரண்டும் ஒன்றாகவே இருக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

'நமக்கும் ரேஸுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. இதெல்லாம் எனக்கு எதுக்கு?' என்கிறீர்களா? இருங்கள்.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி ரோட்டில் 36. குடும்பத்தோடு ஐந்து பேர், பெட்டி படுக்கை, வாங்கின யூகலிப்டஸ் தைலம் எல்லாம் சேர்த்து 1200 கிலோ என்று வையுங்கள். ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கினால் அந்தக் கணக்கில் வருகிற சக்தி 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும்! பெட்ரோல் மிச்சம் என்று கியரை நியூட்ரலில் போட்டு, பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் கிட்டத்தட்ட அத்தனையும் பிரேக்குக்குத்தான். ரேஸ்காரருக்கு ஆறேழு லாப்பில் வருவது நமக்கு ஒரு இறக்கத்திலேயே வந்துவிடுகிறது. அவருக்காவது புது ஆயில், ரேஸ் பேட், ஹெல்மெட் எல்லாம் இருக்கிறது. நமக்கு? பின் ஸீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

மலை இறங்கும்போது இரண்டாவது கியர், தேவைப்பட்டால் முதல் கியர். செலவில் பாதியை என்ஜின் கணக்கில் எழுதுங்கள். பிரேக்கை அழுத்தி, வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள். காலை அதன் மேலேயே குடிவைக்காதீர்கள். பெடல் பஞ்சு மாதிரி தோன்றினால், இல்லை கருகல் வாசனை வந்தால், பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆற விடுங்கள். வண்டிக்குத்தான் ஓய்வு, உங்களுக்கு டீ.

அப்புறம் ஒரு வேலை. பெட்ரோல் போட்ட தேதி, இன்ஷூரன்ஸ் கட்டிய தேதி எல்லாம் நமக்கு ஞாபகம் இருக்கும். பிரேக் ஆயில் மாற்றிய தேதி? பொதுவாக இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் அண்ணனிடம் போய்க் கேளுங்கள். அவர் டப்பா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "கடைசியா எப்ப சார் மாத்தினீங்க?" என்று கேட்டு, நீங்கள் திருதிருவென்று விழித்தால்...

அப்பளம் நமுத்துவிட்டது என்று அர்த்தம். மாற்றிவிடுங்கள்!